உங்கள் சோர்வை யாரிடம் சொன்னீர்கள், அக்கா?

இன்று காலை உங்கள் சமையற்கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது, அக்கா. கடுகு, கறிவேப்பிலை, கிள்ளிப் போட்ட வரமிளகாய். உங்கள் மருமகள் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நம் இரண்டு வீடுகளும் ஒரே வாசலைப் பார்த்து எதிரெதிராக நிற்பதால், அங்கே கடுகு பொரிந்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். என் வயிறு புரளவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடவில்லை. நின்று, மூச்சை இழுத்து, புளிக்குழம்பா பருப்புக்குழம்பா என்று யோசிக்கக்கூட முடிந்தது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு வந்தது எரிச்சல். எனக்காக நீங்கள் மாதக்கணக்கில் தாளிக்காமல் சமைத்தீர்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் வெந்ததை வெந்தபடி தின்றார்கள். உங்கள் வீட்டுக்காரரான அண்ணன் முகத்தைச் சுளித்தால், "எதிர்வூட்டுல ஒருத்தி கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுக்கறா. உங்களுக்குக் கடுகு கேக்குதா?" என்று அதட்டுவீர்கள். அது என் காதில் விழும்படிதான் சொல்வீர்கள். இப்போது எனக்கு அந்த வாசனை பிடிக்கிறது. தாளிக்க நீங்கள் இல்லை.

யாராவது நம்மைப் பற்றிக் கேட்டால் ஓரகத்திகள் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். அதற்கு மேல் விளக்கினால் யாரும் நம்புவதில்லை. போர்வெல் தண்ணீரை யார் வயலுக்கு முதலில் விடுவது என்ற சண்டையில் நாம் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தது ஊருக்கே தெரியும். ஒரே வாசலில் இரண்டு கோலம் போட்டோம். நீங்கள் வெளியே வந்தால் நான் உள்ளே போவேன். மாரண்டஹள்ளி சந்தையில் எதிரே பார்த்தால் இரண்டு பேருமே கத்தரிக்காயை ஆராய்ச்சி செய்வோம்.

அப்படிப்பட்ட நீங்கள், எனக்கு முதல் கீமோ ஏற்றிய மூன்றாம் நாள் வாசலைக் கடந்து வந்தீர்கள். அந்த மூன்றாம் நாளைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் எனக்கு விவரமாகச் சொல்லவில்லை. மருந்து ஏற்றிய அன்றும் மறுநாளும் தெம்பாகவே இருந்தேன். இவ்வளவுதானா என்று துணிகூடத் துவைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தபோது உடம்பை யாரோ ஈரச் சாக்கில் கட்டிப் போட்டதுபோல இருந்தது. தூக்கம் வந்தால் தூங்கலாம். பசித்தால் சாப்பிடலாம். அது அந்த இரண்டும் இல்லை. தண்ணீர்ச் சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மறுபடியும் களைத்துப்போனேன். என் வீட்டுக்காரர் தக்காளி லோடு ஏற்றப் போயிருந்தார். மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள்.

நீங்கள் கதவைத் தட்டவில்லை. நேராக வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தீர்கள். கையில் ஆறிய கேழ்வரகுக் கூழ்.

"பேசலைன்னா பேசாத. வாயத் தொற, இத குடி."

குடித்தேன். பாதி வெளியே வந்துவிட்டது. நீங்கள் முந்தானையாலேயே துடைத்தீர்கள். "இன்னும் பாதி உள்ளதான இருக்குது, அது போதும்" என்றீர்கள். நம் சண்டை அப்படித்தான் முடிந்தது. போர்வெல்லைப் பற்றி அதன் பிறகு நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வாயில் எதைப் போட்டாலும் இரும்பை நக்கியதுபோல இருக்கிறது என்று நான் அழுதபோது, நீங்கள் சில்வர் தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் அலமாரியில் ஏற்றிவிட்டு, உங்கள் மகன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டையும் கண்ணாடி டம்ளரையும் கொண்டுவந்து வைத்தீர்கள். ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தீர்கள். வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீர். ஒரே நேரத்தில் நிறைய வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. எதையும் சூடாகத் தர வேண்டாம், ஆறினால் வாசனை குறையும். இதையெல்லாம் எனக்குச் செய்தது போதாதென்று, வருகிறவர்களுக்கும் பாடம் எடுத்தீர்கள்.

வந்தவர்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடி என்றார் ஒருவர். காரிமங்கலத்திலிருந்து வந்த என் சித்தி, தன் வீட்டுப் பக்கத்தில் இதே நோவு வந்து செத்துப்போனவர்களை வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, "நீ தைரியமா இரு" என்றாள். இன்னொருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "மூஞ்சி நல்லா உப்பலாத்தான இருக்குது? இதுக்கா படுத்தே கெடக்கற?" என்று கேட்டாள். மருந்தால் ஊதிய முகம் அது. பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்: "ஆமாங்க, உப்பல்தான். நீங்களும் ரெண்டு பாட்டல் ஏத்திக்கிட்டு வாங்க, உங்க மூஞ்சியும் நல்லா ஆயிடும்." அவள் அதோடு வரவில்லை. பிறகு நீங்கள் நாற்காலியை வாசலில் போட்டுக் காவலுக்கே உட்கார்ந்துவிட்டீர்கள். "டாக்டரு யாரையும் உள்ள உடக் கூடாதுன்னுட்டாருங்க" என்று கூசாமல் பொய் சொன்னீர்கள். டாக்டர், கூட்டம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். யாரையுமே விடாதே என்று சொன்னது நீங்கள்.

என் அங்கன்வாடி வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். வீட்டில் சும்மா கிடப்பது எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து பாத்திரம் தேய்ப்பேன். பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவேன். தேய்த்ததும் தேய்க்காததும் என்னைச் சுற்றிக் கிடக்கும். அப்படி ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு நீங்கள் திட்டவில்லை. பக்கத்தில் குந்தி, மீதியைத் தேய்த்தீர்கள்.

"இதோ பாரு டீச்சரம்மா. ஒரு நாளைக்கு ஒரு வேலை. அது எதுன்னு நீயே சொல்லு. மத்தது எங்கிட்ட உட்டுடு."

அதைக் கடைப்பிடித்தோம். ஒரு நாள் தலைக்குக் குளிப்பது. ஒரு நாள் மகளோடு போனில் நன்றாகப் பேசுவது. குளித்த நாளில் நான் வேறெதையும் தொடக் கூடாது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் படுத்திருக்கும்போது, செய்யாமல் விட்ட வேலைகள் வரிசையாக வந்து நெஞ்சில் உட்காருவது நின்றது.

சேலத்துக்குப் போகும் நாட்கள்தான் பெரும் பாடு. பாலக்கோட்டுக்கு ஒரு பஸ், தருமபுரிக்கு ஒன்று, அங்கிருந்து சேலத்துக்கு ஒன்று. என் வீட்டுக்காரர் வண்டியை விட்டு வர முடியாத நாட்களில் நீங்கள்தான் வந்தீர்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அடித்துப் பிடித்து ஏறிய ஒரு நாள் நினைவிருக்கிறது. தலையில் துணி கட்டிக்கொண்டு நான் கம்பியைப் பிடித்து நின்றேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நீங்கள் முதலில் மரியாதையாகத்தான் கேட்டீர்கள்: "ஏங்க, இந்தப் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லீங்க, செத்த நேரம் எடம் குடுங்க." யாரும் எழவில்லை. உடனே குரல் மாறிவிட்டது.

"கேன்சருங்க! மருந்து ஏத்தப் போறா! இவ இங்கியே மயங்கி உழுந்தா, யாரு மேல உழுவான்னு எனக்குத் தெரியாது!"

மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வெட்கத்தில் எனக்கு உயிர் போனது. அந்த வார்த்தையை நம் வீட்டில்கூட யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. நான் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் இன்னொரு சீட்டில் உட்காரவில்லை. என் பக்கத்திலேயே நிற்க வேண்டும் உங்களுக்கு. தொப்பூர்க் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது, என் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றீர்கள். நெற்றி முழுக்க வேர்வை. "என்னங்க்கா?" என்றேன். "பஸ்ஸு நாத்தம்" என்றீர்கள்.

டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் நான் வேறு ஆளாகிவிடுவேன். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று தோன்றும். "எப்படிம்மா இருக்கு?" என்பார். "நல்லா இருக்குதுங்க சார்" என்பேன். சிவப்பு நிறக் கீமோ மருந்து முடிந்து வேறு மருந்து தொடங்கிய பிறகும் ஒருமுறை அப்படித்தான் சொன்னேன். நீங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"பொய் சொல்றா சார். வெரல் நுனி மரத்துப்போச்சு. ஜாக்கெட்டு கொக்கி நாந்தான் போட்டு உடறன். நேத்து டம்ளரு கையில இருந்து நழுவிப் போச்சு, அவளுக்கே தெரியல. செருப்பு கால்ல இருக்குதா இல்லையான்னு குனிஞ்சு பாத்துத் தெரிஞ்சிக்கறா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "இதை ஏம்மா சொல்லலை? இப்படியே விட்டா மரமரப்பு நிரந்தரமா தங்கிடலாம்" என்று மருந்தின் அளவைக் குறைத்தார். சோர்வுக்குக்கூட ரத்தம் குறைவாக இருப்பது ஒரு காரணம் என்று பரிசோதித்துச் சொன்னார். அதற்கும் மருந்து இருந்தது. இத்தனை நாள் நான் விதி என்று நினைத்துப் படுத்துக்கிடந்ததில் ஒரு பங்கு, கேட்டிருந்தால் குறைந்திருக்கும். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். "வாய உட்டுச் சொல்லு. நீ சொல்லாத நோவு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிச்சா?"

அக்கா, இதைச் சொன்னது நீங்கள். உங்கள் வாயாலேயே சொன்னீர்கள்.

காய்ச்சல் வந்த நாளிலும் உங்கள் பிடிவாதம்தான் என்னைக் காப்பாற்றியது. விளக்கு வைக்கிற நேரத்தில் உடம்பு லேசாகச் சுட்டது. என் வீட்டுக்காரர், "ஒரு மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கட்டும், காலைல பாக்கலாம்" என்றார். நீங்கள் என் நெற்றியில் கை வைத்தீர்கள், வாசலுக்குப் போனீர்கள், அண்ணனிடம் தக்காளி வண்டியை எடுக்கச் சொன்னீர்கள். "கீமோ ஓடறப்போ காய்ச்சல் வந்தா ஒடனே வரணும்னு அந்த நர்ஸ் பொண்ணு படிச்சுப் படிச்சு சொன்னா. காலைலயாம் காலைல!" முன் சீட்டில் என்னை உட்கார வைத்து, நீங்கள் பின்னால் காலிக் கிரேடுப் பெட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு வந்தீர்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. விடியட்டும் என்று இருந்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார்கள். நீங்கள் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தீர்கள். அவர் இன்றும் அந்தப் பார்வையைப் பற்றிப் பேசுவார்.

நாம் சண்டை போடாமலும் இல்லை. தினமும் காலையில் கொஞ்சம் நடந்தால் சோர்வு குறையும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, வெயில் ஏறுவதற்குள் என்னை எழுப்பி வயல் வரப்புக்கு இழுத்துப் போவீர்கள். ஒரு நாள் என்னால் முடியவில்லை. வெள்ளை அணுக்கள் ஏறுவதற்காக முந்தின நாள் போட்ட ஊசியால் எலும்பெல்லாம் குடைச்சல். மாமரத்தடியில் நின்றுவிட்டேன்.

"உங்களுக்கென்னங்க்கா தெரியும்? நல்லா இருக்கற ஒடம்ப வெச்சிக்கிட்டு நடநடன்னு சொல்றது சுலபம்! எனக்கு எலும்புக்குள்ள இருந்து முடியல!"

"எனக்குந்தான் முடியல. யாரு கேட்டா?" என்று நீங்களும் கத்தினீர்கள்.

கத்திவிட்டு முன்னால் நடந்துபோனீர்கள். கொஞ்ச தூரம் போய் நின்றீர்கள், திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்துவிட்டோம். சண்டையில் வருகிற வார்த்தையாகத்தான் அது இருந்தது. வேறு எப்படி எடுத்துக்கொள்வது? என் விரல் மரத்ததை டாக்டரிடம் எத்தனை விவரமாகச் சொன்னீர்கள்! உங்கள் விஷயத்தை மாமரத்தடியில், அதுவும் கோபத்தில், ஒற்றை வரியில் சொன்னால் யாருக்குப் புரியும்?

கடைசி கீமோ முடிந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கினீர்கள். தலையில் முடி இல்லை. கையில் சுற்றிவிட்டீர்கள். "முளைக்கும், அப்பறம் வெச்சிக்க" என்றீர்கள்.

முடி விரல் நுனி அளவு முளைத்திருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் கேட்டீர்களாம். சொம்பைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் வரப்பில் சாய்ந்துவிட்டீர்களாம். பாலக்கோடு போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். முன்னாலேயே ஏதாவது சொன்னார்களா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டபோதுதான் அண்ணன் சொன்னார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமாம். இடது தோளில் இழுத்துப் பிடிக்குமாம். வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடிப்பீர்களாம். பல மாதங்களாகவாம். என்னோடு ஆஸ்பத்திரிக்கு அத்தனை முறை வந்தீர்கள். இதயத்தைப் பார்க்கிற டாக்டர் அதே கட்டடத்தில்தான் இருந்தார், அக்கா. ஒரு மாடி மேலே. லிஃப்ட்கூட இருந்தது.

சாவு வீட்டில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நிற்க முடியவில்லை. மாரடித்து அழ முடியவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது கேட்டது. "போவான்னு நெனச்சவ ஒக்காந்திருக்கறா, கல்லு மாதிரி இருந்தவ போயிட்டா." என்னைப் புண்படுத்தச் சொன்னதில்லை, உள்ளதைத்தான் சொன்னார்கள். திரும்பி அவர்களுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள், முன்னால் படுத்திருந்தீர்கள்.

இப்போது மருத்துவம் முடிந்துவிட்டது. சோர்வு முடியவில்லை. இன்னும் சில மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும் என்கிறார் டாக்டர். ஊருக்கு அது புரிவதில்லை. "அதான் முடிஞ்சுதே, இன்னும் என்ன?" என்கிறார்கள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது அடுத்த அடி மறந்துபோகிறது. மதியத்துக்கு மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால், மேற்பார்வைக்கு வந்த அம்மாள், "உடம்பு தேறிடுச்சு போல" என்று சிரிக்கிறார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார எனக்கு யாரும் இல்லை. அதனால் நானே பேசப் பழகிவிட்டேன். "இல்லைங்க மேடம், தேறலைங்க. மத்தியானத்துக்கு மேல என்னால நிக்க முடியாதுங்க" என்றேன் அவரிடம். உதவியாளரிடம் சில வேலைகளை மாற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். கேட்டதும் கொடுத்துவிட்டார்!

இன்னொன்றும் செய்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணன் எதிரே நான் நின்று பேசியதில்லை. மூத்தவர் என்ற மரியாதை. எதுவானாலும் உங்கள் மூலமாகவோ பிள்ளைகள் மூலமாகவோதான். நீங்கள் போன பிறகு அவரை வற்புறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். ரத்த அழுத்தம் அதிகம் என்று மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் உங்கள் வீட்டு வாசல்வரை நடந்துபோய், "மாத்திரை போட்டாச்சுங்களா? ஏதாவது பண்ணுதுங்களா?" என்று கேட்கிறேன். முதலில் எனக்கு முகம் கொடுக்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். நான் நகரமாட்டேன். "வாய உட்டுச் சொல்லுங்க" என்பேன்.

போன வாரம் சொன்னார். மாட்டைப் பார்த்துக்கொண்டேதான். "நெஞ்சுல லேசா புடிக்கற மாதிரி இருக்குதும்மா. வாயுவாத்தான் இருக்கும்."

என் வீட்டுக்காரரை எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னேன். தருமபுரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மதியம்வரை உட்கார வைத்தார்கள். எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகியது. கடைசியில் டாக்டர் வந்து, "ஒன்னும் இல்லைங்க, வெறும் வாயுதான்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வீண் அலைச்சல் கொடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார்.

திரும்பி வரும் வழியில் நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம், அக்கா. வெறும் வாயுவா இல்லையா என்று கேட்டுக்கொண்டு வர அரை நாள்தான் ஆயிற்று. அந்த அரை நாளை உங்களுக்கென்று நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எங்களில் யாரும் எடுத்துக் கொடுக்கவுமில்லை. ஆறிப்போகும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன். காலையில் கண் விழித்ததும் உடம்பு எழ மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அப்போது இந்தக் கோபம்தான் என்னைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கிறது. அப்புறம் எதிர்வீட்டுக்கு நடந்துவிடுகிறேன்.